ரசீதின் பின்பக்கம்

முன்பக்கத்தில் கிராம்பு பதினோரு காத்தி,
சாதிக்காய் நாற்பது,
ஈரத்துக்குக் கழிவு இரண்டு.
கீழே கிராணி ஞானாதிக்கத்தின் கையெழுத்து,
வால் சுழித்து.

பின்பக்கத்தில்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மொத்தம் முப்பத்தாறு தாள்.
பாலிக் பூலாவில் பழைய கிடங்கொன்றை இடித்தபோது
பிஸ்கட் டின்னோடு கிடைத்தவை.
அர்மீனியன் தெரு மாடியறையில்,
ஏர்கோன் ஓயாமல் இருமும் என் மேசைக்கு வந்தன.
வேலைச்சீட்டில் மூன்று வரி:
தூசு நீக்கு. கிழிசல் ஒட்டு. பட்டியல் இடு.

தூசு நீக்கினால் இன்னும் கிராம்பு மணக்கிறது.
தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

டின் மூடியின் உள்பக்கம், பென்சிலில்,
யாரோ ஒரு பிள்ளையின் எழுத்து:
ரோசம்மா தாள் குடுத்தாங்க.
பேசக் கூடாதுன்னாங்க.

பட்டணத்தில் குண்டு விழுந்து
மலைச்சாலையில் நடந்தே வந்தவர்கள்.
எத்தனை விமானம் என்று எண்ணத்தான் தயாராக இருந்தேன்.
முப்பத்தாறில் மூன்று.
அதிலும் ஒன்றுக்கு மீனைப்போலச் செதில்.

குலசிங்கம் வரைந்தது ஒரு பூட்டு.
வீடில்லை, கதவில்லை, பூட்டு மட்டும்.
சேகு நைனா, வாப்பாவின் ரொட்டி வண்டி;
அன்று விற்காத ரொட்டிகளையும் எண்ணி வரைந்திருக்கிறான்.
பெயரைச் சீனத்தில் எழுதிய ஒருத்தி
கோழியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.
கோழி கோபமாக இருக்கிறது.

கரிக்கட்டை, மஞ்சள், சலவை நீலம்.
சிவப்புக்குச் சாதிபத்திரி:
காயைப் பிளந்தால் கொட்டையை இறுக்கிப் பிடித்திருக்குமே,
அந்த வலையை எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
அவ்வளவு சிவப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்
அதைக் கோழிக் கொண்டைக்கும் சேலைக் கரைக்கும்
சிக்கனமாகத்தான் செலவழித்திருக்கிறார்கள்.

இருபத்தொன்பதாவது தாளில் நின்றுவிட்டேன்.
பெயர் அஞ்சலாட்சி. வயது எழுதவில்லை.
உருண்டை உருண்டையாய், நெருக்கி.
'பாயில் உலரும் சாதிக்காய்'
என்று பட்டியலில் எழுதியும் விட்டேன்.
விளக்கைக் கிட்டே இழுத்ததும்
உருண்டைகளுக்கு வகிடு தெரிந்தது.
குடுமி தெரிந்தது. ஒரு சொங்கோக், ஒரு குடை,
தலைமேல் பலகாரத் தட்டு, அதில் ஐந்து பலகாரம்.
ஓர் உருண்டைக்குள் கண், மூக்கு, திறந்த வாய்:
அண்ணாந்து பார்க்கிற முகம்.
பக்கத்தில் குச்சிகுச்சியாய்க் கைகள்.

நம்முடைய விமானம் என்று நினைத்து
தெருவுக்கு வந்து கையசைத்தவர்களைப் பற்றிக்
கேள்விப்பட்டிருக்கிறேன்.

கீழே நின்றவள் எப்படி மேலிருந்து வரைந்தாள்?
கிராம்பு மரத்து ஏணியில் ஏறியிருப்பாளோ.
அல்லது ஓட்டியவனின் இருக்கையில் போய்
உட்கார்ந்து பார்த்தாளோ,
நாம் எப்படித் தெரிந்தோம் என்று,
கையைக்கூடவா பார்க்கவில்லை என்று.

சாதிக்காயை அடித்துவிட்டு
'தெரு' என்று எழுதினேன்.

நடுவில் செல்லரித்த ஓட்டை, ஐந்து காசு அகலம்.
அங்கே ஒரு தலை இருந்திருக்கும்.
விளிம்பில் கொஞ்சம் சாதிபத்திரிச் சிவப்பு.
பூவாகவும் இருக்கலாம்.

இதை அடைக்க மெல்லிய காகிதம் வேண்டும்,
நீள நாருள்ளது, நூறு வருடமானாலும் பழுப்பேறாதது.
ஜப்பானிலிருந்து வரவழைக்கிறோம்.
வேறு எங்காவது கிடைக்குமா என்று
இந்த ஒரு தாளுக்காகத் தேடினேன்.
இதைவிட நல்லது இல்லை.

கோதுமைப் பசை காய்ச்சி,
ஓரத்தை நகத்தால் கிழித்து நார் பிரித்து,
வைத்து அழுத்தினேன்.
விரலை எடுக்க வெகுநேரமாயிற்று.

கீழே தெருவில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
ஜன்னலில் குனிந்தேன்.
மதியச் சாப்பாட்டுக்கு வந்த மீனலோசனி.
வகிடு, பிறகு அண்ணாந்த முகம்.
கையசைத்தாள்.

இரண்டாவது மாடிதான்.
கை நன்றாகவே தெரிந்தது.